செருகினால்தான் பிளக்-இன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வாகனப் பக்கத்தில் வந்த பிளக்-இன் ஹைபிரிட் கட்டுரையைப் படித்தேன். ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார், பிளக்-இன் என்றால் அதையே சுவர் பிளக்கில் செருகிச் சார்ஜ் போடுகிற வகை. கட்டுரையாளர் நன்றாகத்தான் எழுதியிருந்தார், மறுக்கவில்லை. ஆனால் பழைய ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதற்கு மாறலாம் என்று கடைசியில் ஒரு வரி வந்ததே, அதில்தான் எனக்குத் தகராறு. 13 வருடம் ஒரே ஹைபிரிட் காரை ஓட்டிவிட்டுப் போன வருடம்தான் பிளக்-இன்னுக்கு மாறினேன். மாறியதில் வருத்தம் எதுவும் கிடையாது. ஆனால் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று நான்கு மாதம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் மாறினேன். அந்தக் கணக்கு உங்கள் கட்டுரையில் இல்லை.

முதலில், ஒப்பீடே தப்பு. சாதாரண பெட்ரோல் காரையும் பிளக்-இன் ஹைபிரிட்டையும் அருகருகே வைத்து மிச்சத்தைக் காட்டுகிறார், அப்புறம் அதே மிச்சத்தைப் பழைய ஹைபிரிட்காரர்களுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிடுகிறார். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கிற வண்டியிலிருந்து வருகிறவருக்கும் 5 லிட்டர் குடிக்கிற வண்டியிலிருந்து வருகிறவருக்கும் ஒரே லாபம் எப்படி வரும்? பின்னவர் அந்த 3 லிட்டரை ஹைபிரிட் வாங்கிய அன்றே மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். மீதி 5 லிட்டரில்தான் புது வண்டி தன் வித்தையைக் காட்டியாக வேண்டும்.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது, எந்த நாட்டுக் காசிலும் போடலாம். நடுத்தர அளவுள்ள பிளக்-இன் கார் மின்சாரத்தில் மட்டும் நூறு கிலோமீட்டர் ஓட, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து சுமார் 17 யூனிட் இழுக்கும். என் பழைய ஹைபிரிட்டுக்கு அதே தூரத்துக்கு 5 லிட்டர். 17ஐ 5ஆல் வகுத்தால் 3.4. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையைப் போல 3.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் எனக்கு மிச்சம் என்று ஒன்று ஆரம்பிக்கவே செய்யும். 8 லிட்டர் வண்டிக்காரருக்கு இதே எண் 2.1தான். வீட்டு மின்கட்டணத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் நமக்குச் சாதகமாக வந்துவிடும். சாலையோர விரைவு சார்ஜரில் கேட்கிற விலையைப் போட்டுப் பாருங்கள், பல சமயம் தலைகீழாகிவிடும்.

பழைய ஹைபிரிட்டுக்கும் இதற்கும் என்னதான் வித்தியாசம் என்று இன்னமும் கேட்கிறார்கள். 13 வருடமும் என்னிடம் “எங்கே சார்ஜ் போடுகிறீர்கள்?” என்று கேட்காத ஆள் இல்லை. எங்கேயும் போடவில்லை ஐயா, அதற்கு வழியே கிடையாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் தொடங்கி அந்த வகை வண்டிகள் எல்லாவற்றிலும் சக்தி முழுக்க பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. பிரேக் போடும்போது சூடாகி வீணாகப் போக வேண்டியதில் ஒரு பங்கைப் பிடித்துச் சேமித்து, அடுத்த முறை கிளம்பும்போது திருப்பித் தரும், அவ்வளவுதான். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் இருந்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் மொத்தமே 1.3 யூனிட் சொச்சம்தான் பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி என்று வைத்தால் அது 150 மில்லி பெட்ரோல். அதிலும் பாதியைக் கூடப் பயன்படுத்தாமல் நடுவில் மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பேட்டரிகள் பத்துப் பதினைந்து வருடம் தாக்குப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிளக்-இன் என்பது டம்ளர் அளவு இருந்த அந்தப் பேட்டரியைக் குடமாக்கிய கதை. சீனாவின் பி.ஒய்.டி. கார் நிறுவனம் 2008 டிசம்பரிலேயே ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது, 2010 கடைசியில் அமெரிக்காவில் செவ்ரோலெட் வோல்ட் வந்தது. பிரியஸின் முதல் பிளக்-இன் 2012இல் வந்தபோது பேட்டரி 4.4 யூனிட், அமெரிக்க அரசு அளவுப்படி மின்சாரத்தில் ஓடுகிற தூரம் 18 கிலோமீட்டர்தான். 2023 மாடலில் 13.6 யூனிட், தூரம் 70 கிலோமீட்டர். சக்திக் கணக்கில் 13.6 யூனிட் என்பது ஒன்றரை லிட்டர் பெட்ரோல்தான். ஆனாலும் அது 70 கிலோமீட்டர் இழுக்கிறதே என்றால், மோட்டாரில் வீணாவது கொஞ்சம். எஞ்சினோ, மிக நல்ல எஞ்சினாகவே இருந்தாலும், நூற்றில் நாற்பதைச் சக்கரத்துக்கு அனுப்பினாலே பெரிய விஷயம், மீதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியே போகிறது.

இங்கே ஒரு இடைச்செருகல். பழைய ஹைபிரிட்டை விற்க நினைப்பவர்கள், பேட்டரி போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். என் வண்டிக்குப் பத்தாவது வருடத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு பட்டறையில் பேட்டரி முழுசையும் மாற்ற வேண்டும் என்று சொன்ன தொகையைக் கேட்டு, வண்டியையே தலைமுழுகிவிடலாம் என்று வீட்டில் முடிவே ஆகிவிட்டது. வேறொரு மெக்கானிக் பின் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் காற்று வழியைத் திறந்து காட்டினார். பேட்டரியைக் குளிர வைக்கிற விசிறி முழுக்க எங்கள் வீட்டு நாயின் முடி! அதைச் சுத்தம் செய்து கொடுத்தார், அதற்குப் பிறகு மூன்று வருடம் ஓடியது, இப்போது தம்பி மகனிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரிக்குப் பயந்துகொண்டு மட்டும் மாறுவதாக இருந்தால் முதலில் அந்த விசிறியைப் பாருங்கள்.

சரி, என் கணக்குக்கு வருகிறேன். தினமும் போய்வர 40 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக ஆயிரம். மாதம் ஒருமுறை உறவினர் வீட்டுக்குப் போய்வர 600. பழைய வண்டியில் இந்த 1,600 கிலோமீட்டருக்கு 80 லிட்டர். புது வண்டியில் தினசரி ஓட்டம் முழுக்க மின்சாரம், நெடுந்தூரத்தில் முதல் 60 கிலோமீட்டர் மின்சாரம், மீதி 540க்குச் சாதாரண ஹைபிரிட் போல ஓடி 26 லிட்டர். மின்சாரம் சுமார் 180 யூனிட். அதாவது 54 லிட்டர் பெட்ரோலைக் கொடுத்துவிட்டு 180 யூனிட்டை வாங்கியிருக்கிறேன். இது என் ஓட்டத்துக்கு. தினமும் 150 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகிறவர் இதே வண்டியை வாங்கினால் பாதிக்கு மேல் பெட்ரோலில்தான் ஓடுவார், கூடவே பெரிய பேட்டரியின் எடையையும் சுமந்துகொண்டு.

உங்கள் கட்டுரையில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருந்த அந்த மயக்கும் எண் இங்கேதான் குப்புற விழுகிறது. ஆய்வகச் சோதனையில் வண்டி இத்தனை பங்கு தூரம் மின்சாரத்தில் ஓடும் என்று முன்கூட்டியே ஒரு அனுமானம் வைத்து, அந்தப் பங்குக்குப் பெட்ரோல் பூஜ்யம் என்று கணக்கிட்டுத்தான் அந்த எண் வருகிறது. நீங்கள் சார்ஜ் போடாவிட்டால் அனுமானம் பொய். ஐரோப்பாவில் புது வண்டிகளுக்குள்ளேயே எரிபொருளை அளக்கிற கருவி வைத்து, 2021இல் பதிவான கார்களின் உண்மைக் கணக்கை எடுத்து, ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்கள் விடுகிற கரியமில வாயு, சோதனை எண்ணைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு. வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. நினைத்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடவில்லை, அதுதான் முக்கியக் காரணம்.

ஏன் போடவில்லை? 2022இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும், போக்குவரத்து ஆய்வு அமைப்பான ஐ.சி.சி.டி.யும் சேர்ந்து செய்த ஐரோப்பிய ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. சொந்தக் காசில் வாங்கியவர்கள் மொத்தத் தூரத்தில் 45 முதல் 49 சதவீதம் மின்சாரத்தில் ஓட்டுகிறார்கள். கம்பெனி கார் வைத்திருப்பவர்கள் 11 முதல் 15 சதவீதம்தான். புரிகிறது இல்லையா? பெட்ரோலுக்குக் கம்பெனி பணம் கட்டும், வீட்டு மின்சாரத்துக்குத் தானே கட்ட வேண்டும். வரிச்சலுகைக்காக வாங்கிய வண்டியில் சார்ஜ் கேபிள் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே டிக்கியில் கிடக்கிறது. அதை வண்டியின் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முதல் கேள்வி, இரவில் வண்டி நிற்கிற இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பதுதான். அடுக்குமாடியில் மூன்றாவது மாடியிலிருந்து வயர் தொங்கவிட முடியாது. இருக்கிறது என்றால் பெரிய சார்ஜர் எல்லாம் தேவையில்லை, 230 வோல்ட் 10 ஆம்பியர் சாதாரண பாயின்ட்டிலேயே ஆறு ஏழு மணி நேரத்தில் 13 யூனிட் ஏறிவிடும், தூங்கி எழுவதற்குள் முடிந்தது. ஆனால் இஸ்திரிப் பெட்டி போல பத்து நிமிடம் இழுத்துவிட்டு விடுகிற சமாச்சாரம் இல்லை இது, ஆறு மணி நேரம் நிற்காமல் இழுக்கும். முதல் வாரம் நான் பழைய பாயின்ட்டில், அதுவும் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுச் செருகினேன். விடியற்காலையில் தொட்டுப் பார்த்தால் பிளக் கை வைக்க முடியாத சூடு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், எர்த் எல்லாம் போட்ட பிறகுதான் நிம்மதி. வண்டி விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் வராத சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் உண்டு. பேட்டரியை டிக்கித் தரைக்குக் கீழே வைப்பதால் பல மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டுகிற டப்பாதான். குளிரில் ஹீட்டர் போட்டால் சில மாடல்களில் எஞ்சின் தானாகக் கிளம்பிவிடும், வெளிக்காற்றின் சூட்டை எடுத்து உள்ளே தருகிற ஹீட் பம்ப் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டே பேட்டரியை நிரப்புகிற ஒரு பட்டன் சில வண்டிகளில் இருக்கும், அதைப் பக்கத்து வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டினார். பெட்ரோலை எரித்துச் சக்கரத்துக்கு நேராக அனுப்பாமல் மின்சாரமாக்கி, அப்புறம் திரும்ப ஓட்டமாக்குவது சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் போகும்.

இன்னொன்று. பெட்ரோல் போடாமலே சில வாரம் ஓட்டிக்கொண்டிருந்தேன், ஒரு நாள் காலையில் சம்பந்தமே இல்லாமல் எஞ்சின் உறுமியது. என் மனைவி ரிப்பேர் என்றே முடிவு கட்டிவிட்டார். கையேட்டைப் புரட்டினால், நாள் கணக்கில் ஓடாத எஞ்சினை எண்ணெய் படிவதற்காகத் தானே ஓட்டிப் பார்க்குமாம். செவ்ரோலெட் வோல்ட் காரில் இன்னும் ஒரு படி மேலே போய், டாங்கில் ஒரு வருடத்துக்கு மேல் பழசாகிவிட்ட பெட்ரோலைத் தானாக எரித்துத் தீர்க்கிற ஏற்பாடே வைத்திருந்தார்கள். டாங்க் மூடியும் பழைய வண்டி போல உடனே திறக்காது. ஆவி வெளியேறாமல் இறுக்கமாக அடைத்திருப்பதால் பட்டனை அமுக்கிச் சில நொடி காத்திருக்க வேண்டும். இது தெரியாமல் பங்க்கில் நான் மூடியோடு மல்லுக்கட்டியதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சுற்றுச்சூழல் என்று கட்டுரையாளர் இரண்டு பத்தி எழுதியிருந்தார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. என் பழைய ஹைபிரிட் நூறு கிலோமீட்டருக்கு விட்டது பதினொன்றரை கிலோ. புது வண்டியின் 17 யூனிட்டும் முழுக்க நிலக்கரியிலிருந்து வந்தால், யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம், 17 கிலோ. பழைய வண்டியே தேவலை! யூனிட்டுக்கு 680 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் மாறியவருக்குப் பெருமை பேச உரிமை. காற்றாலை, சூரியசக்தி, அணு, நீர் மின்சாரம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை வைத்து ஊருக்கு ஊர் இது மாறும், கூரையில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் ஏற்றுகிறவருக்குக் கணக்கே வேறு.

இவ்வளவும் எழுதிவிட்டு நான் ஏன் மாறினேன் என்று கேட்பீர்கள். விடிகாலையில் கிளம்பும்போது தெருவில் சத்தமே இல்லை. நெரிசலில் எஞ்சின் ஒரு தடவை அணைந்து ஒரு தடவை பிடிக்கிற அந்தக் குலுக்கல் இல்லை. முழு மின்சார கார் வாங்கலாம்தான், ஆனால் அந்த 600 கிலோமீட்டர் பயணத்தில் வழியில் நம்பகமான சார்ஜர் இரண்டுதான், இரண்டில் ஒன்று எப்போதும் வேலை செய்யாது. அது சரியாகும்வரை எனக்கு இந்த வண்டி.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரே எண் போடாமல், பேட்டரி காலியான பிறகு நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர், மின்சாரத்தில் எத்தனை யூனிட், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் என்று மூன்றையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். மிச்சக் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்