கணக்கை ஆறாவதாக வை

மார்த்தாண்டம்

அன்பு மக்களே,

பத்தாவது எழுது என்று சொன்னதற்கு, "இந்த வயசுல என்னத்தப் படிக்க" என்று சிரித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் தங்கச்சி இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், டீ குடிக்கிற நேரத்தில் வாசி.

உன் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் கிளியரன்ஸ் வேண்டும் என்று இருப்பது பத்தாம் வகுப்பு பாஸாகாததால்தான். குவைத்துக்குக் கிளம்பும்போது அந்தக் கிளியரன்ஸைச் சொல்லிச் சொல்லியே ஏஜெண்ட் காசு பிடுங்கினதை மறந்திருக்க மாட்டாய். மூன்று வருஷம் வெளிநாட்டில் வேலை பார்த்தால் அதை எடுத்துவிடலாம் என்று மாமா சொல்கிறார். அது சரிதான். ஆனால் நாளைக்கு எலக்ட்ரீஷியன் சர்ட்டிபிகேட் எங்கே என்று கேட்டால் மாமாவா வந்து காட்டுவார்?

அண்டி ஆபீஸில் என் பக்கத்தில் இருந்து முந்திரிப் பருப்பு உடைக்கிற அக்காவின் மருமகள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்.ஐ.ஓ.எஸ்ஸில் பத்தாவது முடித்தாள். மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி அது. அவளிடம் எல்லாம் கேட்டு வைத்திருக்கிறேன். 14 வயது ஆகியிருந்தால் போதும், மேலே வயது வரம்பு இல்லை. தமிழிலேயே எழுதலாம். ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 33 மார்க். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்றிரண்டாக முடித்துக்கொள்ளலாம். பரீட்சை ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும். வளைகுடாவிலும் சேரலாமாம், ஆனால் அங்கே ஃபீஸ் டாலர் கணக்கு. நம் வீட்டு முகவரியில் சேர்ந்துவிட்டு, லீவைப் பரீட்சை மாசத்துக்கு எழுதிக் கொடு.

இனி உன் பூச்சாண்டியான கணக்குக்கு வருகிறேன். என்.ஐ.ஓ.எஸ்ஸில் கணக்கு கட்டாயம் இல்லை. தமிழ், சமூக அறிவியல், பிசினஸ் ஸ்டடீஸ் என்று எடுத்தே பாஸாகலாம். பாஸ்போர்ட்டுக்கு அது போதும். ஆனால் ஊருக்கு வந்தபிறகு நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சேர வேண்டுமென்றால் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள். அதனால் அறிவியலை ஐந்துக்குள் சேர், கணக்கை ஆறாவதாக வைத்துக்கொள். ஐந்துக்கு மேல் இரண்டு பாடம் கூடுதலாக எடுக்க விடுகிறார்கள். கணக்கு போனாலும் பத்தாவது கையில் இருக்கும். அல்லாமலும், நாள் முழுக்கப் பைப்பை அளந்து வளைக்கிறவனுக்கு 33 மார்க் வராதா?

பழைய டிரங்குப் பெட்டியில் உன் டி.சி. கிடைத்தது. ஒரு மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது, பிறந்த தேதி தெளிவாக இருக்கிறது. அங்க அடையாளத்தில் இடது முழங்கையில் தழும்பு என்று எழுதியிருக்கிறார் சார். அயினி மரத்தில் ஏறி விழுந்தாயே, அதுதான்!

வெள்ளைப் பின்னணியில் ஒரு போட்டோவும், வெள்ளைத் தாளில் உன் கையெழுத்தும் அனுப்பு. ஐந்தாவது பாடம் எக்கனாமிக்ஸா, மனையியலா என்று வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது சொல்லு. மனையியல் என்றால் சமையலும் வரும், அங்கே ரூமில் நீதானே குழம்பு வைக்கிறாய்.

உன் அம்மை