மண்ணடிக்கும் முன் வடிகாலைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் கட்டிக் கிடக்கும் தோட்டத்தை என்ன செய்வது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நாலு லோடு சரள் மண் அடித்து மேடாக்கிவிடுங்கள் என்று பதில் வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

எனக்கு ஊர் பத்தமடை. கன்னடியன் கால்வாய்ப் பாசனம். வயலை ஒட்டி எங்கள் மாமனார் வைத்திருந்த பன்னிரண்டு சென்ட் தோட்டம் இருக்கிறது. அவர் போன பிறகு யாரும் அதில் இறங்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழைக்கு அப்புறம் கைவிட்டே விட்டோம். சீமைக்கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டி, நடுவே முழங்கால் உயரத்துக்குக் கோரை. எங்கள் ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பாய்க்கோரை இல்லை, கிழங்கு விட்டுப் பரவும் களைக்கோரை.

முந்தின வருஷம் ஐப்பசியில் நானும் என் கொழுந்தனும் துணிந்து இறங்கினோம். எங்களுக்கும் சரள் யோசனைதான் சொன்னார்கள். பக்கத்து வயல்காரப் பெரியவர்தான் தடுத்தார். “தண்ணி போற வழியப் பாக்காம மண்ணக் கொட்டுனா, அது எங்க வயல்லல்லா வந்து நிக்கும் தாயி” என்றார். தென்கிழக்கு மூலையில் பழைய வடிகால் இருந்த இடத்தையும் அவரே காட்டினார். காட்டாமணக்கை வெட்டித் தள்ளிவிட்டுத் தோண்டினால் ஒரு முழத்துக்கு வண்டல், அதற்குள் பாலிதீன் பைகள். ஆறு நாள் வேலை. கடைசி அடைப்பை எடுத்ததும், கட்டிக் கிடந்த தண்ணீரில் மிதந்த ஒரு வேப்பிலை மெதுவாகத் திரும்பி வடிகாலைப் பார்த்து நகர ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

தண்ணீர் வடிந்ததும் மண் சாம்பல் நீலமாக, அழுகின முட்டை வாடையோடு கிடந்தது. மாதக்கணக்கில் காற்றே போகாத மண் அப்படித்தான் இருக்கும். ஈரக் களிமண்ணை மிதித்தால் இன்னும் இறுகிவிடும் என்பதால் பலகை போட்டு அதன்மேல்தான் நடந்தோம். தினமும் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்ப்போம். உருண்டை பளபளவென்று வந்தால் அன்றைக்கு மம்பட்டியைத் தொடுவதில்லை. விரல் பட்டு உதிர்கிற பக்குவம் வர மார்கழி பாதி ஆகிவிட்டது.

ஆனால் களை எடுக்க அந்த ஈரம்தான் தோது. சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஓர் அடி ஆழம் தோண்டி வேர்முண்டோடு எடுக்க வேண்டும். காட்டாமணக்குக் குச்சி சேற்றில் விழுந்தால் வேர் பிடித்துவிடும் என்று ஒன்று விடாமல் சுமந்துபோய் ரோட்டோரம் காயப்போட்டோம். கோரையைக் கொத்தினால் பெருகும், கையால் கிழங்கோடு பிடுங்கினால்தான் உண்டு. அந்த வேலை இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தை பிறந்ததும் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூ எடுக்கும் சமயம் மடக்கி மிதித்தோம். அப்புறம் ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி, தாழ்ந்த மூலையில் சேம்பு. ஆவணியில் பாத்தியில் சிறுகிழங்குக் கொடி நட்டோம். இந்தப் பொங்கலுக்கு அதைத்தான் பிடுங்கி, சாக்கில் போட்டு அடித்துத் தோல் நீக்கிக் கூட்டு வைத்தோம். பெரியவர் வீட்டுக்கும் ஒரு படி போனது.

ஒரே கவலை, எங்கள் வடிகால் போய்ச் சேரும் தெரு ஓடை மறுபடி குப்பையால் தூர்ந்து வருகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் புரட்டாசியிலேயே ஊர்தோறும் இவற்றைத் தூர்வார வேண்டும் என்று தாங்கள் எழுத வேண்டும்.

அந்த வாசகருக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் காட்டை விலக்கி ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். சரள் லோடுக்குச் சொல்வது அதற்கப்புறம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.