அட்டைப்பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்து அழைத்தவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அம்மா பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள். வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து இதைப் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. இன்னும் சொல்லாமல் விட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

லண்டன் பக்கத்துக் கேட்விக் விமான நிலையத்தில், ட்ரோன் என்கிற ஆளில்லாத குட்டி விமானம் பறக்கிறது என்று ஓடுபாதையை மூடியதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, டிவியைத் திறந்தாலே அதுதான் ஓடுகிறது. ஆயிரம் விமானங்கள் ரத்தாகியோ திசைமாறியோ போயின, 1,40,000 பயணிகள் தவித்தார்கள் என்கிறார்கள். அத்தனை பேரில் ஒருத்தி கோவில்பட்டியிலிருந்து பேத்தியைப் பார்க்கக் கிளம்பி, திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் மாறி, முதல்முறையாகத் தனியாக வந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த கதை அவளுடையது மட்டும்தான்.

முதல் நன்றி ஒரு கோச் டிரைவருக்கு, அதாவது வெளியூர் பஸ் ஓட்டுகிறவருக்கு. அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி அவருடைய கம்பெனிக்கு அனுப்பியாயிற்று. ஆனால் அதில் பாதிதான் சொல்ல முடிந்தது. மாமா எழுதிய நம்பரைப் பற்றி எழுதப் போனால், அட்டைப்பெட்டியில் ஏன் நாலு பக்கமும் விலாசம் எழுதுகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் மாமா தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டியே வயதானவர். எந்தப் பெட்டியைக் கண்டாலும் கயிறு போட்டு இறுக்கி, மார்க்கரால் எழுதாமல் விடமாட்டார். அம்மா கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் என் பெயர், கேட்விக்குக்குப் பக்கத்து ஊரான கிராலியில் எங்கள் வீட்டு விலாசம், +44 போட்டு என் நம்பர், எல்லாம் கொட்டை எழுத்தில் நாலு பக்கமும் இருந்தன. அவர் வாட்ஸாப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்து நானும் என் வீட்டுக்காரரும் சிரித்தோம். “கன்வேயரில் வரும்போது ஊருக்கே நம்ம நம்பர் தெரிஞ்சிடும்” என்றார் இவர்.

வியாழன் விடிகாலை மூன்று மணிக்கு ஓடுபாதையைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். முக்கால் மணி நேரத்தில் மறுபடி மூடியிருக்கிறார்கள். அம்மாவின் விமானம் துபாயில் தரையைவிட்டுக் கிளம்பியதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். நான் எழுந்தபோது கீழே இறங்க இடமில்லை, மேலே அம்மா வந்துகொண்டிருந்தாள். கேட்விக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஓடுபாதைதான் ஓடும். ஹீத்ரோ விமான நிலையத்தில் போல இன்னொரு ஓடுபாதையில் இறக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. மத்தியானம் செல்போன் மேப்பில் அந்தக் குட்டி விமானம் எங்கள் பக்கம் வராமல் வடக்கே போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மான்செஸ்டர்.

அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. அம்மாவின் சிம்முக்கு இங்கே சிக்னல் எடுக்கவில்லை. விமானக் கம்பெனியின் நம்பரில் பாட்டு மட்டும் ஓடியது. இறங்கிவிட்டார்களா, அங்கேயே ராத்திரி தங்க வைப்பார்களா, பஸ்ஸில் அனுப்புவார்களா, எதற்கும் பதில் சொல்ல ஆள் இல்லை. அங்கே கவுண்டரில் நின்றவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கே தகவல் வந்திருக்காது. ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றிய கம்பெனி, இறக்கிய பிறகு ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பவில்லை என்பதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை.

நன்றாக இருட்டிய பிறகு தெரியாத நம்பரிலிருந்து போன். வடக்குப் பக்கத்து ஆங்கிலம், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. “உங்கள் நம்பர் ஒரு அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கிறது. பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டேன். பெட்டிக்குச் சொந்தக்காரரை முன்சீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். அவரோடு பேசுகிறீர்களா?”

அம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தெரியவும் இல்லை. எல்லோரும் போகிற பக்கம் போய், எல்லோரும் நின்ற வரிசையில் நின்று, எல்லோரும் ஏறிய வண்டியில் ஏற வந்திருக்கிறாள். ஐம்பது பேரின் சாமானைக் குனிந்து நிமிர்ந்து அடுக்கிக்கொண்டிருந்த மனிதர், மாமாவின் கொட்டை எழுத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியோடு நிற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு, தானாகவே தன் போனை எடுத்திருக்கிறார்.

அம்மா பேசிய முதல் வார்த்தை, “ஏளா, நீ சாப்பிட்டியா?” எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் அவள் திட்டினாள், அடுத்தவர் போனில் அழுது காசைக் கரைக்காதே என்று.

அதோடு முடியவில்லை. நாலரை மணி நேரம் ஓட்டினால் டிரைவர் முக்கால் மணி நேரம் வண்டியை விட்டு ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். மான்செஸ்டரிலிருந்து கேட்விக் வர, அன்றைய போக்குவரத்தில், அதற்கு மேலேயே ஆகும். நடுவில் நெடுஞ்சாலை ஓரத்து சர்வீசஸ் என்கிற ஓய்விடத்தில் நிறுத்தியிருக்கிறார். சட்டப்படி அந்த முக்கால் மணி நேரம் அவர் காபி குடிக்கவும் கண்ணை மூடவும் கொடுக்கப்பட்டது. அவர் செய்தது என்னவென்றால், போன் வேலை செய்யாதவர்கள் யார் யார் என்று வண்டிக்குள் நடந்து நடந்து கேட்டு, ஒவ்வொருவராகத் தன் போனில் பேச வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி மகனிடம் பேசியதும், கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண் பேசும்வரை டிரைவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்கு ஒரு போட்டோவும் வந்தது. முன்சீட்டில் அம்மா, சேலைக்கு மேல் அவருடைய மஞ்சள் ஜாக்கெட், கையில் காகிதக் கப். கீழே ஒரு வரி, உங்கள் அம்மா டீ குடித்துவிட்டார், சாண்ட்விச் வேண்டாம் என்கிறார் என்று. அதில் முட்டை இருக்குமோ என்று அவளுக்குச் சந்தேகம். அது அவருக்கு எப்படித் தெரியும்!

பதிலுக்கு அம்மா கைப்பையிலிருந்த கடலை மிட்டாயை எடுத்து நீட்டியிருக்கிறாள். அங்கேதான் ஒரு வேடிக்கை. அவர் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மைக்கை எடுத்து, வண்டியில் யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாதா என்று முதலில் கேட்டிருக்கிறார். யாரும் இல்லை என்று தெரிந்ததும்தான் பாக்கெட்டைப் பிரிக்க விட்டாராம். கடலை தின்றால் மூச்சு முட்டும் மனிதர்கள் உலகத்தில் உண்டு என்று அம்மாவுக்கு என் வீட்டுக்காரர் விளக்க, அவள் இன்னும் நம்பவில்லை. கோவில்பட்டிக்காரியிடம் போய் அதைச் சொன்னால் எப்படி நம்புவாள்?

கேட்விக்குக்கு வண்டி வந்தபோது பதினொரு மணி இருக்கும். உள்ளே தரையெல்லாம் ஜனம், கோட்டை விரித்துப் படுத்திருந்தார்கள். கோச் நின்ற இடத்தில் குளிரில் பத்துப் பேர் காத்திருந்தோம். ஒவ்வொருவரையும் கூப்பிட வந்தவரிடம் சேர்த்த பிறகே அவர் அடுத்த ஆளின் சாமானை இறக்கினார். அந்த அட்டைப்பெட்டியை எங்கள் கார்வரை அவரே தூக்கி வந்தார். பணம் கொடுக்கப் பார்த்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கே தூங்கப் போகிறீர்கள் என்றதற்கு, கம்பெனி ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறது என்றார். சுற்று வட்டாரத்தில் ஓட்டல் அறையே கிடைக்காத ராத்திரி அது.

அறுபதை நெருங்கும் அந்த மனிதரின் கையை அம்மா பிடித்துக்கொண்டு, “தம்பி, தூக்கம் வந்தா ஓரமா நிறுத்திக்கோ, என்ன?” என்றாள். முழுக்கத் தமிழில். அவர் அதற்கு ஆங்கிலத்தில், சரிங்கம்மா என்கிற தோரணையில் தலையாட்டினார்.

மற்றவர்களுக்கு வருகிறேன். மான்செஸ்டரில் படிக்கும் தம்பி ஒருவர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் சொன்னதைக் கேட்டு டிராமில் ஏறி விமான நிலையத்துக்கே போய், சேலை கட்டிய அம்மாவைத் தேடி இரண்டு டெர்மினலில் அலைந்திருக்கிறார். அவர் போய்ச் சேர்வதற்குள் கோச் கிளம்பிவிட்டது, ஆனாலும் அவர் அலைந்தது அலைந்ததுதான். தம்பி, லண்டன் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பாப்பாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மொரீஷியஸ் அக்கா, “யோசிக்காதேங்கோ தங்கச்சி, வந்திடுவா” என்று மணிக்கொரு தரம் சொன்ன கடைக்கார யாழ்ப்பாணத்து அண்ணன், அங்கே ஊரில் மாமாவைத் தூங்க வைத்த எதிர்வீட்டு டீச்சர், விடுப்பில் இருந்தும் கூப்பிட்டுக் கேட்ட இவருடைய மேனேஜர், வாட்ஸாப் குரூப்பில் விமான நம்பரை வைத்துத் தகவல் தேடிய அத்தனை பேர், எல்லோருக்கும் நன்றி. கேட்விக்கில் காத்திருந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே திட்டும் வாங்கிக்கொண்ட பணியாளர்களுக்கும். மாமா, உங்களுக்குத் தனியாக. இனி நீங்கள் என்ன எழுதினாலும் சிரிக்க மாட்டோம்.

காரில் வரும்போது அம்மா கேட்டாள், இத்தனைக்கும் காரணமான அந்த ட்ரோன் எவ்வளவு பெரிசு இருக்கும் என்று. இவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “இம்புட்டுக்கா?” அதிலுள்ள பாட்டரியும் மோட்டாரும் என்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று அவர் சொன்ன பிறகு, மூடியது சரிதான் என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். சுட்டு வீழ்த்த வேண்டியதுதானே என்று குரூப்பில் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். மேலே சுடுகிற குண்டு கீழே எங்கள் தலையில்தானே விழும்? நாங்கள் குடியிருப்பது விமான நிலையத்துக்குப் பக்கத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் கிராலியில் இரண்டு பேரைப் பிடித்தார்கள். பேரும் படமும் பத்திரிகைகளில் வந்தன. நேற்று ஞாயிற்றுக்கிழமை, இவர்கள் சந்தேகத்துக்குரியவர்கள் இல்லை என்று வழக்குப் போடாமல் விட்டுவிட்டார்கள். ட்ரோன் என்ற ஒன்று பறக்காமலேகூட இருந்திருக்கலாம் என்று ஒரு போலீஸ் அதிகாரி சொன்னதாகவும் செய்தி வருகிறது. அந்தப் படம் நம் குரூப்புகளிலும் சுற்றியது, கூடவே கெட்ட வார்த்தைகளும். கோபம் புரிகிறது. வியாழன் மத்தியானம் என் கையில் யாராவது சிக்கியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். ஆனால் பண்டிகை நேரத்தில் சொந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் போன இரண்டு பேருக்கு யார் பதில் சொல்வது? யார் செய்தார்கள் என்று தெரியவே தெரியாமல் போனாலும் போகட்டும், அந்தப் படத்தை அனுப்பியவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். உதவி கேட்டு நான் போட்ட செய்தியை எத்தனை வேகமாகப் பரப்பினீர்களோ, அதே வேகத்தில்.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். ஊரிலிருந்து முதல்முறை தனியாக வருகிற பெரியவர்கள் யாராக இருந்தாலும், எந்த ஏர்போர்ட்டாக இருந்தாலும், என் நம்பரையும் இரண்டாவது நம்பராக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு அடித்தாலும் எடுப்பேன். பெட்டியில் எழுதுங்கள், கைப்பையில் வைத்தால் யாருக்கும் தெரியாது.

வருகிற சனிக்கிழமை, 29ஆம் தேதி, மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அம்மாவின் கையால் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். டிரைவருக்கும் அவருடைய கம்பெனி மூலம் அழைப்பு போயிருக்கிறது, வருவாரா தெரியாது. கடலை மிட்டாயை மட்டும் யாரும் எதிர்பார்த்து வராதீர்கள். கைப்பையில் இருந்தது கோச்சிலேயே தீர்ந்துவிட்டது. பெட்டியில் இருந்ததை அம்மா அந்த நடுராத்திரியில் கயிறை அறுத்து, குளிரில் நின்ற அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டாள்.

அன்புடன்,
பெட்டியில் பேர் எழுதப்பட்டவள்
கிராலி, 24 டிசம்பர் 2018