கேடயமாம், கேடயம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மென்பொருள் காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய கட்டுரையில், ‘தனியாக நிரல் எழுதுபவருக்கும் இது ஒரு கேடயம்’ என்று ஒரு வரி. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம்.

ஏழெட்டு மாதம் ராத்திரி கண்விழித்து, குறிப்பெடுக்கும் செயலி ஒன்றை நானே எழுதி வெளியிட்டேன். ஒரு நாள் பதினான்கு பக்கத்தில் வக்கீல் கடிதம் வந்தது. அனுப்பிய நிறுவனத்துக்கென்று ஒரு மென்பொருள்கூடக் கிடையாது. காப்புரிமைகளை வாங்கி வைத்துக்கொண்டு கடிதம் போடுவதே தொழில். என் செயலியில் ஒரு பொத்தான் அவர்களுடைய யோசனையாம். அவர்கள் காப்புரிமையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ‘காப்பியடிக்கவில்லை, நானே யோசித்தேன்’ என்பது இந்தச் சட்டத்தில் ஒரு பதிலே இல்லையாம். நான் போய்ப் பார்த்த வக்கீல், “ஜெயிக்கலாம் சார். ஆனால் அந்தச் செலவுக்கு இதைப்போல் பத்து செயலி எழுதிவிடலாம்” என்றார். பொத்தானை எடுத்துவிட்டேன். ‘இருந்த வசதியை ஏன் எடுத்தீர்கள்?’ என்று இன்னமும் ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள்.

உங்களுக்குத் தெரியாததா? ஒரே சொடுக்கில் பொருள் வாங்குவதற்கு 1999-இல் அமேசானுக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். 2017 வரை அது உயிரோடு இருந்தது. ஜிஃப் கதை இன்னும் அழகு. 1987-இல் வந்த படவடிவத்தை ஊரே இஷ்டத்துக்குப் பயன்படுத்தியது. 1994 கடைசியில்தான், அதற்குள் இருக்கும் எல்.இசட்.டபிள்யூ. சுருக்கமுறை தங்களுடையது, நிரல் எழுதுபவர்கள் கட்டணம் கட்ட வேண்டும் என்ற பேச்சு யூனிசிஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பி.என்.ஜி. என்ற மாற்றுப் படவடிவம். இதில் எதற்கும் உங்கள் நான்கு பக்கத்தில் இடமில்லை. பழைய யோசனையைக் கணினியில் ஏற்றினால் மட்டும் அது கண்டுபிடிப்பாகாது என்று 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆலிஸ் வழக்கில் சொன்னதை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். நல்ல தீர்ப்புதான். அதை எடுத்துக் காட்டவும் வழக்காடக் காசு வேண்டுமே!

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். அந்தக் கட்டுரையில் இரண்டு இடத்தில் ‘காப்புரிமை’ என்று வரவேண்டியது ‘பதிப்புரிமை’ (காப்பிரைட்) என்று அச்சாகியிருக்கிறது. நான் எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை தானாகவே எனக்கு வந்துவிடுகிறது. அதனோடு எனக்குச் சண்டையில்லை. இதே தவறுக்கு இரண்டு வருடம் முன்பும் கடிதம் போட்டேன். தங்களுக்கு இடப்பற்றாக்குறை போலும். இம்முறையாவது ஒரு வரித் திருத்தம் போடுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். செயலியில் இன்னும் சில பொத்தான்கள் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு தனி நிரலாளர்