நாலாம் நம்பரைப் பூட்டி வைக்க வேண்டாம், மக்களே

தூத்தூர்,
சனிக்கிழமை ராத்திரி

மக்களே,

இங்கே நானும் அம்மாவும் சுகம். என் முட்டுவலி மட்டும், மழை வருவதற்கு ரெண்டு நாள் முன்னாலேயே சேதி சொல்லிவிடுகிறது. நீயும் மருமகளும் பேரனும் தோஹாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் 'செரி அப்பா, செரி அப்பா' என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். அதனால்தான் எழுதுகிறேன். தங்கச்சி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

நேற்று தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் வைத்து நம்ம ஃபுட்பால் கிளப் செயலாளர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். யாராவது செத்துப்போனார்களோ என்று பயந்துவிட்டேன். பிறகுதான் சொன்னான். புது ஜெர்சிக்கு நீ அறுபதாயிரம் ரூபாய் தருகிறாயாம். நல்ல காரியம். ஆனால் அதில் ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறாயாம். அப்பா களித்த, அதாவது போட்டு விளையாடின, 4ஆம் நம்பரை இனி கிளப்பில் யாரும் போடக்கூடாது, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்ட வேண்டும், என் பேரன் வளர்ந்து வந்து கேட்டால் அவனுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

பேரன் விஷயம் நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். இத்தாலியின் மிலான் கிளப்பில் பாவ்லோ மால்டீனியின் 3ஆம் நம்பருக்கு வைத்த ஷரத்துதானே அது? அவர் மகன்களில் ஒருத்தர் வந்தால் மட்டும் அந்த நம்பர் வெளியே வரும் என்றார்கள். மகன் தானியேல் வந்தும் விட்டான், 2020இல் மிலானுக்குக் களித்தான். போட்டது எந்த நம்பர் தெரியுமா? முதலில் 98, பிறகு 27. அப்பனுடைய சட்டையின் கனம் அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. நம்ம பேரன் இன்னும் மணலில் ஒரு பந்து உதைத்ததில்லை. போன வருஷம் வந்தபோது கடப்புறத்தில் செருப்பைக் கழற்றவே மாட்டேன் என்று அழுதான். அவனுக்கு இப்போதே ஒரு நம்பரைக் கட்டித் தொங்கவிடுகிறாயே, பாவமில்லையா?

நாலாம் நம்பர் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. ஒரு சாக்கில் பதினாலு பனியன் வரும். யார் முதலில் கை விடுகிறானோ அவனுக்கு 10, அடுத்தவனுக்கு 9. நான் தங்கல், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போய்விட்டு அன்று காலையில்தான் கரையேறினேன். குளித்துவிட்டு மைதானத்துக்குப் போனபோது சாக்கின் அடியில் 4 மட்டும் கிடந்தது. அப்போதெல்லாம் வெள்ளைத் துணியில் நம்பரை வெட்டி முதுகில் வைத்துத் தைப்பார்கள். நம்ம தையல்காரருக்கு 1, 4, 7 என்றால் சந்தோஷம், நேர்வெட்டில் முடிந்துவிடும். 8 என்றால் திட்டிக்கொண்டே தைப்பார். இதைத்தான் நீ சட்டம் போட்டு மாட்டச் சொல்கிறாய். பதினைந்து வருஷம் 4 போட்டு நான் அடித்த கோல் மொத்தம் ரெண்டு. அதில் ஒன்று நம்ம போஸ்ட்டிலேயே.

சரி, நம்பருக்கு ஓய்வு கொடுக்க யாருக்குத்தான் தகுதி என்று கேட்பாய். ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்துக் கிடந்தேன். தூக்கமும் வரவில்லை.

மரடோனாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஜூன் 29இல் நடந்தது. இராயப்பர் சின்னப்பர் திருநாள், மீன்பிடிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய நாள் எது? கடல் கலங்கிக் கிடந்த காலம், வள்ளமெல்லாம் கரையில். ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டம். ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவி முன்னால் ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. 3–2, அவருடைய அர்ஜென்டினா ஜெயித்தது. அந்த ராத்திரிக்குப் பிறகு கடப்புறத்தில் பாதிப் பையன்களுக்கு மரடோனா மாதிரி இடது கால் முளைத்தது. ஆனால் இத்தாலியின் நாப்போலி கிளப் அவருடைய 10ஐ நிறுத்தியது உலகக் கோப்பைக்காக இல்லை. வடக்கே உள்ள பணக்கார ஊர்க்காரன் எல்லாம் நாப்போலிக்காரனைப் பார்த்து மூக்கைப் பொத்துவானாம். துறைமுக ஊர், ஏழை ஊர். நம்மைப் பார்த்து 'கடப்புறத்தான்' என்று சொல்லும்போது உள்ளே ஒன்று சுருங்குமே, அது அவர்களுக்கும் உண்டு. அந்த ஊருக்கு 1987லும் 1990லும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு 2023 வரைக்கும் அவர்களுக்கு லீக் பட்டமே இல்லை. 2000இல் 10ஐ நிறுத்தினார்கள். அதுதான் நியாயம்.

அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது, கேள். 2004இல் நாப்போலி கடனில் மூழ்கி மூன்றாம் பிரிவுக்குப் போய்விட்டது. அந்தப் பிரிவில் களத்தில் இறங்குகிறவர்கள் 1 முதல் 11 வரை போட்டே ஆக வேண்டும். என்ன செய்வது? மரடோனாவின் 10ஐத் திரும்ப எடுத்து உடுத்தினார்கள். கஷ்டம் வந்தால் நாப்போலிக்கே இந்தக் கதி. நம்ம கிளப் எந்த மூலைக்கு? ஒரு செட்டுக்குப் பதினெட்டு சட்டை. சீனியர் ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு கழற்றி ஜூனியர் பையன்களுக்குக் கொடுக்கிறோம். அதில் ஒன்றைச் சுவரில் மாட்டினால் ஒரு பையன் கலர் பனியனோடு நிற்பான்.

அர்ஜென்டினாவும் 2002 உலகக் கோப்பைக்கு 10 இல்லாமல் வரப் பார்த்தது. 1 முதல் 23 வரை விடாமல் இருக்கணும் என்று ஃபிஃபா சொல்லிவிட்டது. ஒர்டேகா 10 போட்டார். ஸ்பெயினிலும் அதே கதைதான், பெரிய அணிக்கு 1 முதல் 25. அதனால் மெஸ்ஸி போன பிறகும் பார்சிலோனாவில் 10 சும்மா இருக்கவில்லை. முதலில் அன்சு ஃபாத்தி, இப்போது 2025இல் இருந்து லமீன் யமால். மெஸ்ஸிக்கு இதில் என்ன குறைந்துபோனது? அந்த 10ஐப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மெஸ்ஸியைத்தானே நினைக்கிறோம்.

எனக்குப் பிடித்த ஆள் வேறு. நீ சிரித்தாலும் சரி, பிராங்கோ பரேசி. பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பருக்கு ஸ்டாப்பரைத்தான் பிடிக்கும். மிலானில் இருபது சீசன். நடுவில் ரெண்டு தடவை அந்தக் கிளப் ரெண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இன்னொருத்தன் என்றால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பான். அவர் போகவில்லை. 1994 உலகக் கோப்பையில் ரெண்டாவது ஆட்டத்திலேயே முட்டு போய்விட்டது. ஆபரேஷன். மூன்றரை வாரத்தில் பிரேசிலோடு இறுதி ஆட்டத்துக்கு இறங்கினார். இங்கே ராத்திரி ஒரு மணி. நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய், ரெண்டு வயசு. ரொமாரியோவையும் பெபெட்டோவையும் 120 நிமிஷம் ஒரு கோல் அடிக்க விடவில்லை அந்த மனுஷன். பிறகு பெனால்டியில் முதல் பந்தை மேலே அடித்துவிட்டு அழுதார். முட்டு கிழிந்தவனுக்குத்தான் தெரியும் அது என்ன வேலை என்று. 1997இல் அவர் களியை நிறுத்தினபோது 6ஐயும் நிறுத்தினார்கள். இருபது வருஷம் ஒரே கரையில் நங்கூரம் போட்டவன். இதற்கு நான் கை தூக்குவேன்.

ஆனால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் கிளப்பில் ஒரு கூத்து நடந்தது. ஜூட் பெல்லிங்ஹாம் ஒரு சீசன் மட்டும் களித்துவிட்டு 2020இல் பதினேழு வயசில் ஜெர்மனிக்குப் போனான். 44 ஆட்டம். உடனே 22ஐ நிறுத்திவிட்டார்கள். பையன் தங்கம், அதில் சந்தேகமில்லை, பின்னால் ரியல் மாட்ரிட்டில் அவன் செய்ததைப் பார்த்தோம். ஆனாலும் அது நம்பருக்குக் கொடுத்த மரியாதையா, விற்ற பணத்துக்குக் கொடுத்த ரசீதா என்று எனக்குச் சந்தேகம். பக்கத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் செய்ததும் அவசரம்தான். சந்தேஷ் ஜிங்கன் ஆறு சீசன் அங்கே இருந்துவிட்டுப் போனார், 2020இல் 21ஐ நிறுத்தினார்கள். பிறகு அவர் வேறு கிளப்பில் சேர்ந்து எதிரே வந்து களித்துவிட்டு அவர்களை மட்டம் தட்டி ஒரு வார்த்தை சொன்னபோது, கைதட்டிய அதே ரசிகர்கள் 21ஐத் திரும்ப எடு என்று கத்தினார்கள். உயிரோடு களித்துக்கொண்டிருக்கிற ஆளுக்குச் சிலை வைத்தால் இதுதான் வரும்.

செத்துப்போனவர்கள் கதை வேறு. அதில் நான் தர்க்கம் பேச மாட்டேன். கோவாவின் டெம்போ கிளப்பில் பிரேசில்காரன் கிறிஸ்தியானோ ஜூனியர் இருந்தானே, 2004 டிசம்பர் 5, பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். மோகன் பகானோடு ரெண்டு கோலும் அவன்தான் அடித்தான். ரெண்டாவது கோல் போகும்போது கோல்கீப்பரோடு மோதி விழுந்தவன் எழும்பவே இல்லை. டெம்போ அந்த 10ஐ நிறுத்தியது. காமரூன்காரன் மார்க் விவியன் ஃபோ 2003இல் களத்திலேயே விழுந்தபோது மான்செஸ்டர் சிட்டி 23ஐ நிறுத்தியது. லிவர்பூல் 2025இல் தியோகோ ஜோட்டாவுக்காக 20ஐ நிறுத்தியது, பெண்கள் அணியிலும் சின்னப் பையன்கள் அணியிலும் கூட. அடுத்த சீசனில் இன்னொருத்தன் அந்தச் சட்டையைப் போட்டு வந்தால் கூட நின்று களித்தவன் எப்படிப் பார்ப்பான்?

இதைச் சொன்னால் நீ உடனே நம்ம ஏழாம் நம்பர்காரனைக் கேட்பாய். அதற்குத்தான் வருகிறேன். நீ அப்போது தோஹாவுக்குப் போய்விட்டாய், அதனால் உனக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

2017 நவம்பர் 30, ஓகி புயல். அவன் கரைக்குத் திரும்பவில்லை. உன் கூடப் படித்தவன், வலது விங்கில் அவன் ஓடினால் மணல் பறக்கும். அடுத்த ஈஸ்டர் டோர்னமென்ட்டுக்குக் கமிட்டி கூடியது. யாரும் வாய் திறக்கவில்லை. ஏழாம் நம்பரை வெளியே எடுக்காமல் சாக்கிலேயே வைத்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தன்று அவன் அம்மா கறுப்புச் சேலையோடு மைதானத்து ஓரத்தில் வந்து நின்றாள். பையன்கள் இறங்கினார்கள். அவள் ஒவ்வொருத்தன் முதுகாகப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "ஏழு எங்க அண்ணே?" என்றாள். நான் என்ன சொல்வது? எடுத்து வைத்திருக்கிறோம், அவனுக்கு மரியாதைக்காக என்றேன். "அவன் செத்தான்னு ஆரு உங்களுக்குச் சொன்னா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. உடலும் கிடைக்கவில்லை, சேதியும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் நாம் போய் ஒரு நம்பரை மடித்து வைத்திருக்கிறோம். இடைவேளையிலேயே ஒரு பதிமூன்று வயசுப் பையனுக்கு ஏழாம் நம்பரைப் போட்டுவிட்டோம். சட்டை அவன் முட்டுவரைக்கும் தொங்கியது. பந்தும் பெரிதாக ஒன்றும் காலில் சிக்கவில்லை. அவள் கடைசி வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனாள். அன்றிலிருந்து நம்ம கிளப்பில் ஏழு ஓடாத ஆட்டம் கிடையாது.

இப்போது நீ சொல்லு. அந்த ஏழு களத்தில் ஓடிக்கொண்டிருக்க, ரெண்டு கோல் அடித்த என் நாலு மட்டும் கண்ணாடிக்குள் தொங்கினால் நான் எந்த முகத்தோடு அவள் வீட்டு முற்றத்தைக் கடந்து குருசடிக்குப் போவேன்?

இன்னொன்றும் உண்டு. இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று போய்க் களித்த பிறகு இங்கே எல்லாப் பையனுக்கும் முன்னால்தான் களிக்கணும். பின்னால் நிற்க ஆளே இல்லை. இப்போது 4 போடுகிறவன் நம்ம மேற்குத் தெருப் பையன், கொச்சியில் போட்டில் வேலை பார்க்கிறான், லீவுக்கு வந்தால் நேரே மைதானத்துக்குத்தான் வருவான். தலையால் பந்தை அடிக்கும்போது கண்ணை மூடிவிடுகிறான். நான் கரையில் நின்று கத்துகிறேன், அவன் கேட்பதில்லை. போன மாசம் என்னிடம் வந்து, "மாமா, நீங்க களிச்ச நம்பராமே, உள்ளதா?" என்றான். உள்ளதுதான் என்றேன். அன்றைக்கு ஒரு பந்தைக்கூட அவன் தாண்ட விடவில்லை. அந்தப் பையனிடம் போய், தோஹாக்காரன் பணம் தருகிறான், நீ சட்டையைக் கழற்று என்று நான் சொல்வதா?

ஆகவே பணத்தை அனுப்பு, நிபந்தனையை அனுப்பாதே. செயலாளருக்கு இன்றைக்கே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டு விடு, இல்லையென்றால் அவன் கண்ணாடிக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவான். உள்ளூர் ஆள், வாங்கின அட்வான்ஸ் திரும்பாது. செட்டில் சின்ன சைஸ் நாலைந்து கூடுதலாக இருக்கட்டும். கோல்கீப்பருக்குக் கையுறை ரெண்டு ஜோடி, நல்லதாக. வலை வேண்டாம், வள்ளத்தில் கழித்த பழைய வலையே போஸ்ட்டுக்குத் தாங்குகிறது. மைதானத்தின் தெற்கு மூலையைக் கடல் இன்னும் ஒரு முழம் தின்றுவிட்டது, கார்னர் அடிக்கிறவன் இப்போது கல்லில் ஏறி நின்றுதான் அடிக்கிறான்.

அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரன் அடுத்த வாரம் தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறோம். பேரனுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடு. செருப்பைக் கழற்றச் சொல்லு.

உன் அப்பா