பிளஸ் 1 தேர்வு போனது. கட்-ஆஃப் மதிப்பெண்ணை யார் காப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விடுமுறைக்கு விடுதியிலிருந்து வந்திருந்த எதிர் வீட்டுப் பெண், இயற்பியலில் ஒரு கணக்கு விளங்கவில்லை என்று புத்தகமும் கையுமாக வந்தாள். தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றில் அவள் இப்போது படிப்பது பிளஸ் 1. கையில் இருந்ததோ பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதி. நிலைமின்னியல் முடிந்து, மின்னோட்டவியலில் பாதி வரை பென்சில் கோடு ஓடியிருந்தது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் எங்கே என்று கேட்டேன். "அது ஹாஸ்டல் பெட்டியிலயே இருக்கு தாத்தா, ஆகஸ்டோட அதை நிறுத்திட்டாங்க" என்றாள்.

அந்த ஆகஸ்டில்தான் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது; பிளஸ் 1 பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து கிடையாது என்ற முடிவும் அதையொட்டி வந்தது. முப்பது ஆண்டுகள் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த முடிவின் நல்ல நோக்கத்தை நான் மறுக்கவில்லை. பிளஸ் 1இல் இரண்டு பாடம் போய், அந்த வெட்கத்திலேயே பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக் கதவை நானே தட்டியிருக்கிறேன். ஆனால் 2017இல் அந்தத் தேர்வு எதற்காக அறிவிக்கப்பட்டது என்பதை எட்டே ஆண்டுகளில் நாம் மறந்துவிட்டோமோ என்பதே என் கவலை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவியிருந்த உறைவிடப் பள்ளி முறையில், பதினொன்றாம் வகுப்பு என்பது பெயரளவில்தான் இருந்தது. பிளஸ் 2 பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தி, திருப்புதல் தேர்வுக்கு மேல் திருப்புதல் தேர்வாக வைத்து, அன்றைய மொத்தமான 1200க்கு 1190 வாங்க வைப்பார்கள். அப்படி வாங்கியவர்கள் பொறியியல் முதல் பருவத்தில், நியூட்டனின் இயக்க விதிகளையும் வெப்ப இயக்கவியலையும் பிளஸ் 1இல் முறையாகப் படிக்காததால், விழித்துக்கொண்டு நின்றார்கள். இதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் முதல் பிளஸ் 1 பொதுத் தேர்வு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் 2 மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு அறிவித்தபோதே அந்த மருந்தின் வீரியம் பாதி போய்விட்டது. எஞ்சியிருந்த பாதியும் இப்போது போய்விட்டது. 2021இல் கொரோனாவால் பிளஸ் 2 தேர்வே நடக்காமல் போனபோது, பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் 1க்கு 20, பிளஸ் 2 செய்முறை மற்றும் அக மதிப்பீட்டுக்கு 30 விழுக்காடு என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்க முடிந்ததென்றால், அதற்கும் இந்தப் பிளஸ் 1 தேர்வு கைகொடுத்தது.

இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. பொறியியல் சேர்க்கைக்குத் தரவரிசை போட உதவும் கட்-ஆஃப் மதிப்பெண் 200இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. பழைய முறையில் இயற்பியலின் 200 மதிப்பெண்ணில் செய்முறைக்கு 50. கட்-ஆஃபில் அது பன்னிரண்டரையாகச் சுருங்கும். வேதியியலுக்கும் அவ்வளவே, ஆக 25. இன்றைய முறையில் இயற்பியல், வேதியியல் ஒவ்வொன்றிலும் செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. கணிதத்திலும் அக மதிப்பீடு 10. கட்-ஆஃபில் இவற்றைச் சுருக்கினால் 15, 15, 10, ஆக 40. பொது வினாத்தாளுக்கும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கும் வெளியே, அந்தந்தப் பள்ளியின் சுற்றுச்சுவருக்குள்ளேயே போடப்படும் மதிப்பெண் 25இலிருந்து 40 ஆகியிருக்கிறது. இதைப் பற்றி எந்தக் கட்சியும் பேசி நான் கேட்டதில்லை.

அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். பணியில் இருந்த காலத்தில், வேறு மாவட்டத்தில் உள்ள பெரிய தனியார் பள்ளி ஒன்றுக்கு, பிளஸ் 2 செய்முறைத் தேர்வு நடத்த வெளியிலிருந்து வரும் புறத்தேர்வாளராகச் சென்றிருந்தேன். நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணைக் காண வேண்டிய சோதனை. ஒரு மாணவர் விடைத்தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டார். முப்பட்டகக் கோணம் 60 பாகை, சிறும திசைமாற்றக் கோணம் 40 பாகை, ஒளிவிலகல் எண் 1.53, வெர்னியர் அளவீடுகள் உட்பட எல்லாம் கச்சிதம். மேசையில் இருந்த சோடியம் விளக்கு மட்டும் இன்னும் ஏற்றப்படவில்லை. தொலைநோக்கியை எங்கே சரிசெய்வது என்று கேட்டேன். அவர், அந்தப் பள்ளியின் ஆசிரியரே ஆன அகத்தேர்வாளரின் முகத்தைப் பார்த்தார். அடுத்த மேசையிலும் 1.53, அதற்கடுத்ததிலும் 1.53. மதிய உணவுக்குப் பின் மதிப்பெண் பட்டியல் என் முன்னால் வைக்கப்பட்டபோது, அதில் எல்லோருக்கும் முழு மதிப்பெண் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. பேனாவால் எழுதுவது மட்டுமே என் வேலை. நான்கு பேருக்குக் குறைத்தேன். தாளாளரின் அறையில் ஒரு மணி நேரம் காத்திருக்க வைக்கப்பட்டேன். மறு ஆண்டு எனக்கு அந்தப் பக்கம் பணி வரவில்லை.

அரசுப் பள்ளிகள் மட்டும் யோக்கியமா என்று வாசகர்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எங்கள் பள்ளியில் மூன்றாண்டுகள் ஆய்வக உதவியாளர் இல்லை. மின்னழுத்தமானிக் கம்பி அறுந்தே கிடந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் நான் முழு மதிப்பெண்தான் போட்டேன். எல்லாப் பள்ளியிலும் முழுசாக அள்ளிக் கொடுக்கும்போது நம் பிள்ளை மட்டும் ஏன் இழக்க வேண்டும் என்ற நினைப்பு என்னையும் விடவில்லை. ஆனால் எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்றானபின் அந்த 40 யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவதில்லை. போட்டி முழுவதும் எழுத்துத் தேர்வின் மீதே விழுகிறது. எழுத்துத் தேர்விலோ, ஒரே புத்தகத்தை இருபது மாதம் படித்தவரும் பத்து மாதம் படித்தவரும் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகள் விற்பது அந்தப் பத்து மாதத்தைத்தான்.

முடிவு என்ன ஆகிறது என்பது கலந்தாய்வுத் தரவரிசைப் பட்டியலில் தெரிகிறது. 200க்கு 200 கட்-ஆஃப் பெற்றவர்கள் 2023இல் 102 பேர். 2025இல் 144 பேர். கிண்டி பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கேட்கும் இவர்களை வரிசைப்படுத்த, விருப்பப் பாடத்தின் மதிப்பெண், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அதிலும் தீராவிட்டால் ரேண்டம் எண். (அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இல்லையென்றால் அவர்களின் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.)

நான் நுழைவுத் தேர்வு கேட்கவில்லை. பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். நீட் வேண்டாம் என்பதே இன்றும் என் கருத்து. பிளஸ் 2 மதிப்பெண்ணே போதுமென்று டெல்லியிடம் வாதாடும் மாநிலத்துக்கு, அந்த மதிப்பெண்ணில் கலப்படம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் கடமை மற்ற எவரையும்விட அதிகம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பிளஸ் 1க்குப் பொதுத் தேர்வு வேண்டாம் என்றால் வேண்டாம். ஆண்டிறுதித் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் ஒரே வினாத்தாளாவது இருக்கட்டும், யாரையும் தோல்வி என்று நிறுத்தாமல், விடைத்தாள்களை மட்டும் வேறு பள்ளி ஆசிரியர்கள் திருத்தட்டும். செய்முறை மதிப்பெண்ணுக்கான வழி இன்னும் எளிது. பிளஸ் 2 மதிப்பெண் சான்றிதழில் எழுத்துத் தேர்வு, செய்முறை, அக மதிப்பீடு ஆகியவை ஏற்கெனவே தனித்தனியாக இருக்கின்றன. தேர்வுத் துறையின் கணினியில் அவை முழுவதும் உள்ளன. அந்த மூன்றின் சராசரியையும் பள்ளிவாரியாகக் கணக்கிட்டு, ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வுக்கு முன் துறையின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் எந்த மாணவரின் பெயரும் தேவையில்லை, பள்ளியின் பெயர் இருந்தால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் (இயற்பியல்),
தருமபுரி மாவட்டம்.