அந்தப் படத்தில் அவர்கள் நிற்பது ஸ்கீத் தடத்தில்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே வாருங்கள் என்று போன கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை எனக்குப் பிடித்திருந்தது, வெட்டி ஃபிரிட்ஜில்கூட ஒட்டினேன். பிறகு தேத்தண்ணியோடு நின்று அதற்குப் போட்டிருந்த படத்தை இன்னொரு தரம் பார்த்தபோதுதான் கவனித்தேன். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் சிரித்துக்கொண்டு நிற்பது ஸ்கீத் தடத்துக்கு நடுவில், அதாவது காலில் நீளப் பலகை பூட்டிப் பனியில் வழுக்கிப் போகிறவர்களின் பாதையில். பனியில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு பள்ளமாக ஓடுகிறதே, தகப்பனின் வலது பூட்ஸ் அதற்குள் கணுக்கால்வரை இறங்கி நிற்கிறது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒட்டாவாவுக்கு வந்த முதல் குளிர்காலம் நானும் இதையேதான் செய்தேன். ஆற்றங்கரையோரம் ஓடும் கிச்சி சிபி குளிர்காலப் பாதையில் மகளைத் தள்ளுவண்டியில் வைத்து, அகலமாக அமர்த்திய பக்கம் சும்மா கிடக்க, கோடு போட்ட பக்கத்தால் போனோம். எதிரே ஸ்கீயில் வந்த ஒரு வயதான அம்மா நின்று, இந்தக் கோடு ஸ்கீக்காரருக்கு, நீங்கள் அந்தப் பக்கத்தால் நடந்தால் நல்லது என்று மெதுவாகச் சொன்னார். நான் அன்றைக்கு முழுக்க வீட்டில் புறுபுறுத்தேன். வானத்திலிருந்து விழுந்த பனி, அதற்கும் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று.

அந்தப் பனி வானத்திலிருந்து விழுந்தபடி அங்கே கிடப்பதில்லை என்பது நான் ஸ்கீ பழகிய பிறகுதான் விளங்கியது. புதுப் பனி விழுந்ததும் ஸ்னோமொபைல் என்கிற பனி மோட்டார் வண்டியின் பின்னால் கனமான ஒரு சட்டத்தைக் கட்டி இழுத்து, பனியைக் கிளறி, பரப்பி, அமர்த்தி, கடைசியில் அந்த இரண்டு கோட்டையும் அழுத்திக்கொண்டு போவார்கள், அனேகமாக நாங்கள் நித்திரை கொள்ளுகிற நேரத்தில். கிளறிய பனித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகச் சில மணித்தியாலம் வேண்டும், குளிர் இருந்தால்தான் அது நடக்கும். ஊரில் சீமெந்துத் தரை போட்ட அன்றிரவே நாய் ஓடி, அந்தக் கால் அடையாளம் முப்பது வருசம் அப்படியே கிடந்த வீடுகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு கோழியின் கால் இருந்தது. பனித் தடமும் அதே கதைதான். இளகி இருக்கும்போது வைத்த கால், இரவு உறைந்தால் கல்லாகிவிடும், அடுத்த பனி விழுந்து அடுத்த வண்டி ஓடும்வரைக்கும் அது அங்கேதான்.

அந்தக் கோழிக்கால் மாதிரி ஒன்றில்தான் நான் போன தை மாதம் விழுந்தேன். முதல் நாள் மத்தியானம் +2 பாகைக்கு ஏறி எல்லாம் களி மாதிரி ஆகி, இரவு -11 க்கு இறங்கியிருந்தது. பின்னேரம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு சின்ன இறக்கத்தால் வருகிறேன், இடது ஸ்கீயின் முனை எதற்குள்ளோ போய் நின்றது, நான் நிற்கவில்லை. கை மணிக்கட்டு ஆறு கிழமை கட்டோடு. எழும்பி விளக்கைப் பிடித்துப் பார்த்தால் பெரிய ஆள் ஒருவரின் பூட்ஸ் அச்சு, குதிக்கால் நாலு விரல் ஆழம், அடிப்பக்கக் கோடுகூட வடிவாகத் தெரிகிறது, பக்கத்திலேயே ஒரு சின்னப் பிள்ளையின் அச்சு. கோபம் வந்தது, தள்ளுவண்டி நினைவுக்கு வந்ததும் அது போய்விட்டது. அந்தத் தகப்பனுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இனி ஃபேட் பைக். தடித்த ரயர் போட்ட இந்தச் சைக்கிள்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிற ஸ்கீக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு ஒத்துவராது. எனக்கும் ஒன்று இருக்கிறது. ரயர் ஏறத்தாழ 4 அங்குல அகலம், காற்றழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே, பனி கெட்டி: இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்தச் சைக்கிள் விடும் அடையாளம் என் பூட்ஸ் விடுவதைவிடக் குறைவு. மூன்றில் ஒன்று பிழைத்தால் உழவு ஓடிய வயல்தான். நான் முதன்முதல் வாடகைக்கு எடுத்த கடையில் ரயரைக் கல்லு மாதிரி அடித்துத் தந்துவிட்டார்கள், காற்றைக் குறை என்று ஒரு சொல் இல்லை, நானும் ஆசையில் 3 கிலோமீற்றர் போய்த் திரும்பிப் பார்த்தால் என் பின்னால் பாம்பு போன மாதிரி ஒரு வாய்க்கால். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது, சைக்கிள்காரர்களே பொதுவாகச் சொல்லுவது: ரயர் ஓர் அங்குலத்துக்கு மேல் புதைந்தாலோ, நேராக ஓட முடியாவிட்டாலோ, இறங்கித் தள்ள வேண்டி வந்தாலோ அன்றைக்கு ஓட்டம் இல்லை, வீட்டுக்குத் திரும்பு. இதை நடக்கிறவர்களும் வைத்துக்கொள்ளலாம், கால் புதைகிறதென்றால் பாதை இன்னும் இறுகவில்லை. அப்படியான நாளில் விடியக் காலமை போங்கள், இரவுக் குளிரில் இறுகிய பாதை மத்தியானத்துக்கு முன் தாங்கும்.

ஒருவரை ஒருவர் கடப்பதும் ஒரு தலையிடிதான். இறக்கத்தில் வரும் ஸ்கீக்காரருக்குப் பிரேக் கிடையாது, ஆகவே சைக்கிளோ நடையோ வலப்பக்கம் ஒதுங்கி விடுவதுதான் முறை. ஸ்கீக்காரருக்கும் சொல்லுகிறேன், விழுந்தால் முதலில் உருண்டாவது தடத்தை விட்டு வெளியே வாருங்கள், பிறகு நீங்கள் இருந்த குழியைக் காலால் மூடிவிட்டுப் போங்கள், கோட்டுக்குள் நின்று ஃபோன் பார்க்காதீர்கள். பின்னால் வருபவர் ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று கூப்பிட்டால் அவர் உங்கள் இடப்பக்கத்தால் வருகிறார் என்று அர்த்தம். என் மாமா அதைக் கேட்டால் சரியாக இடப்பக்கம்தான் பாய்வார், ஒவ்வொரு முறையும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியூபெக்கில் அதையே பிரெஞ்சில் ‘ஆ கோஷ்’ என்பார்கள், அதற்கும் இடப்பக்கம்தான் பாய்வார். இரண்டு காதிலும் பாட்டைப் போட்டுக்கொண்டு போகிறவருக்கு எந்த மொழியில் கூப்பிட்டும் பிரயோசனமில்லை.

அந்தக் கியூபெக் பக்கத்தில் இருக்கும் கற்றினோ பூங்காவில் இந்தச் சண்டை குறைவு. அங்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஸ்கீத் தடம், காசு கட்டி அனுமதி எடுக்க வேண்டும், ஃபேட் பைக்குக்கும், பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் ஸ்னோஷூவுக்கும் ஸ்கீத் தடத்துக்கு வெளியே பாதை குறித்திருக்கிறார்கள், ஸ்கீத் தடத்தில் சைக்கிளே கூடாது. எந்தப் பாதை எந்த நிலையில் இருக்கிறது என்று இணையத்திலும் போடுகிறார்கள், காரை எடுக்க முன் அதைப் பார்க்க ஒரு நிமிசம் போதும். ஆற்றங்கரைப் பாதை அப்படி இல்லை. எல்லாருக்கும் பொது, இலவசம், நன்கொடைகளும் சேர்ந்து ஓடுகிற பாதை, ஸ்கீ, சைக்கிள், நடை, நாய் எல்லாம் ஒரே ஒழுங்கையில். ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு வருகிற எங்கள் ஆட்கள் அனேகமாக முதலில் இறங்குவதும் அங்கேதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையை அடுத்த வருசமும் போடுங்கள், மார்கழி பிறக்க முன்னமே போட்டால் இன்னும் நல்லது. படத்தை மட்டும் மாற்றுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது: மகள், இப்போது அவளுக்கு 12 வயது, நடைபாதைப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் இரண்டு கோடும் ஒரு கீறல் இல்லாமல் ஆற்றுப் பக்கம் வளைந்து போகிறது. என் விரல் ஓரத்தில் கொஞ்சம் விழுந்திருக்கிறது, வெட்டிவிடலாம்.

இப்படிக்கு,
ஒட்டாவாவிலிருந்து ஒரு வாசகர்